எக்செல்லில் நிறம் சரியாக விழவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மதிப்பெண் 35-க்குக் கீழே போனால் சிவப்பு, கட்டணம் கட்டும் கெடு தாண்டினால் ஆரஞ்சு என்று கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (நிபந்தனை பொருந்தினால் செல்லுக்குத் தானாக நிறம் போடும் விதி) போட்டு வைத்த பட்டியல்கள் இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஏராளம். அந்த நிறத்தை நம்பித்தான் எந்தப் பெற்றோரை அழைப்பது, யாருக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது என்று முடிவாகிறது. நிறம் ஒரு வரிசை தள்ளி விழுந்தால், உதவி தேவைப்படும் பிள்ளை விட்டுப்போகிறது. தேர்ச்சி பெற்ற பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி போகிறது. அதனால் இந்தக் கோளாறைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சக ஊழியர்கள் கொண்டுவரும் கோப்புகளில் திரும்பத் திரும்ப அதே பிழைகளைத்தான் பார்க்கிறேன். அவற்றை அறிகுறிவாரியாகப் பிரித்து, செலவில்லாத காரணத்தில் தொடங்கி வேலை அதிகம் வாங்கும் காரணம் வரை அடுக்கியிருக்கிறேன். உங்கள் கோப்பில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எடுத்துக்காட்டுப் பட்டியல் இதுதான்: பி நெடுவரிசையில் பெயர், டி-யில் மதிப்பெண், இ-யில் கட்டணக் கெடு, எஃப்-இல் நிலை. முதல் வரிசை தலைப்பு. தரவு 2 முதல் 500 வரை. ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். மெனுப் பெயர்கள் எக்செல்லுக்கு உரியவை. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் வேறுபடும் இடங்களில் தனியே சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

நிறத்தைத் தொடாதீர்கள். பக்கத்தில் காலியாக உள்ள ஒரு நெடுவரிசையில், எச்2 செல்லில், விதியில் உள்ள நிபந்தனையை அப்படியே எழுதுங்கள்: =$டி2<35. அதைக் கடைசி வரிசை வரை இழுத்து நிரப்புங்கள். ஒவ்வொரு வரிசைக்கும், நிபந்தனை பொருந்தினால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ் என்று விடை வரும். நிறம் தப்பாக விழுந்த வரிசைக்கு என்ன விடை வந்திருக்கிறது என்று பாருங்கள்.

விடை சரி, நிறம் மட்டும் தப்பு என்றால் கோளாறு விதியில் இருக்கிறது: எல்லை (விதி பொருந்தும் செல்கள்), டாலர் குறி, விதிகளின் முன்பின் வரிசை ஆகியவற்றில் ஒன்று.

விடையே தப்பு என்றால் கோளாறு தரவில், அல்லது அந்தத் தரவுக்குப் பொருந்தாத நிபந்தனையில் இருக்கிறது. அதே விதியை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் சரியாகாது. செல்லில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே பதிந்திருப்பது வேறொன்று. விதி உள்ளே இருப்பதைத்தான் பார்க்கிறது.

பெரும்பாலானவர்கள் இந்தப் பிரிவினையைச் செய்யாமல் நேராக விதியைத் திருத்தப் போய், ஒரு பிழையை இரண்டாக்கிக்கொள்கிறார்கள். கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

## அறிகுறி: நிறமே விழவில்லை

நிறத்தைத் தேர்ந்தெடுக்காமலே விதியை முடித்திருக்கலாம். 'ஹோம்' பட்டையில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', அதனுள் 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து, மேலே 'திஸ் வொர்க்‌ஷீட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். விதிக்கு நேரே 'நோ ஃபார்மேட் செட்' என்றிருந்தால் காரணம் அதுதான்.

ஃபார்முலாவின் முன்னால் சமக்குறி விட்டுப்போயிருக்கலாம். $டி2<35 என்று மட்டும் எழுதி ஓகே கொடுத்தால் எக்செல் எச்சரிக்காது. அதை ஒரு வாக்கியமாக எடுத்துக்கொண்டு, தானே மேற்கோள் குறி சேர்த்து ="$டி2<35" என்று மாற்றிவைத்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். நிறம் மட்டும் ஒருபோதும் விழாது. விதியை மறுபடி திறந்து, முழு ஃபார்முலாவையும் மேற்கோள் குறிகள் சூழ்ந்திருந்தால் நீக்குங்கள்.

வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய ஃபார்முலாவாக இருக்கலாம். வழியில் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். அவற்றை அழித்து விசைப்பலகையிலிருந்தே மறுபடி தட்டுங்கள்.

கணக்கீடு நிறுத்தப்பட்டிருக்கலாம். மதிப்பெண்ணை மாற்றியும் எச் நெடுவரிசையின் விடை மாறவில்லையென்றால் எஃப்9 விசையை அழுத்துங்கள். உடனே மாறினால், 'ஃபார்முலாஸ்' பட்டையில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' 'மேனுவல்' என்றிருக்கிறது, 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். லிப்ரே ஆபீஸில் 'டேட்டா' மெனுவின் 'கால்குலேட்' பகுதியில் இதற்கான அமைப்பு இருக்கிறது.

வேறொரு ஷீட்டைச் சுட்டும் விதியாக இருக்கலாம். எக்செல் 2007 இதை ஏற்காது. 2010 முதல் ஏற்கும். கூகுள் ஷீட்ஸில் அடுத்த ஷீட்டின் செல்லை நேரடியாகச் சுட்ட முடியாது, இன்டைரக்ட் என்ற செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) வைத்துத்தான் எழுத வேண்டும். எக்செல் டேபிளின் நெடுவரிசைப் பெயர்களையும் விதிக்குள் நேரடியாக எழுத முடியாது. சாதாரண செல் முகவரியாகவே கொடுங்கள்.

இவை எதுவுமில்லை, எச் நெடுவரிசையிலும் ஃபால்ஸ்தான் வருகிறது என்றால், கீழே 'சில எண்கள் மட்டும் தப்பிக்கின்றன' பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: நிறம் விழுகிறது, ஆனால் வேறு வரிசையில்

என்னிடம் வரும் கோப்புகளில் இதுதான் அதிகம். எச் நெடுவரிசை விடை சரியாக இருக்கும்; நிறம் மட்டும் இடம் மாறியிருக்கும்.

விதி எழுதும்போது எந்த செல் செயலில் இருந்ததோ, அதை வைத்துத்தான் எக்செல் ஃபார்முலாவைப் புரிந்துகொள்கிறது. தேர்ந்தெடுத்த பகுதியில் வெள்ளையாகத் தெரியும் செல் அது.

ஒரு வரிசை மேலே விழுந்தால்: நெடுவரிசையின் தலையில் உள்ள டி எழுத்தைச் சொடுக்கி முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். செயலில் இருந்தது டி1; நீங்கள் எழுதியது =$டி2<35. ஆக ஒவ்வொரு செல்லும் தனக்குக் கீழே உள்ள செல்லைப் பார்த்து நிறம் மாறுகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மேலே உள்ள பிள்ளை சிவப்பாகிறது.

எல்லாமே சிவப்பானால், அல்லது தொடர்பே இல்லாமல் விழுந்தால்: கடைசி வரிசையிலிருந்து மேல் நோக்கி இழுத்துத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்போது செயலில் இருப்பது டி500. அங்கிருந்து டி2-ஐச் சுட்டினால், 'என்னிலிருந்து 498 வரிசை மேலே பார்' என்று அர்த்தமாகிவிடும். மேல் வரிசைகளுக்கு அவ்வளவு உயரம் கிடையாது. எக்செல் சுற்றிக்கொண்டு ஷீட்டின் அடிக்குப் போய்விடும். இரண்டாம் வரிசையின் விதி =$டி1048080<35 என்று மாறிப்போயிருக்கும். எக்செல் 2007 முதல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் உண்டு; அந்த அடிப்பகுதி காலி. காலி செல் பூஜ்யமாகக் கொள்ளப்படுவதால் நிபந்தனை நிறைவேறி எல்லாமே சிவக்கிறது. விதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டிய வரிசை எண்ணைக் கண்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

சரிசெய்ய: அந்த விதியை நீக்குங்கள். டி2 செல்லைச் சொடுக்கி, அங்கிருந்து கீழே டி500 வரை தேர்ந்தெடுத்து, புதிதாக எழுதுங்கள். பழைய விதியையே திருத்த விரும்பினால், எல்லையின் முதல் செல்லைச் சொடுக்கிவிட்டு 'மேனேஜ் ரூல்ஸ்' திறங்கள்.

திருத்தும்போது இன்னொரு தொல்லை வரும். ஃபார்முலாப் பெட்டிக்குள் இடம் நகர அம்பு விசையை அழுத்தினால், கர்சர் நகராமல் ஏதோ ஒரு செல் முகவரி நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் எஃப்2 விசையை ஒரு முறை அழுத்துங்கள்; பிறகு அம்பு விசை ஒழுங்காக நகரும். இதை அறியாமல் உடைந்த ஃபார்முலாவுக்கு ஓகே கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

## அறிகுறி: முழு வரிசைக்கும் நிறம் வேண்டும், ஒரு செல்லுக்கு மட்டும் வருகிறது

விதியின் எல்லையைப் பாருங்கள். 'அப்ளைஸ் டு' பெட்டியில் டி நெடுவரிசை மட்டும் இருந்தால், அதை =$ஏ$2:$எஃப்$500 என்று விரியுங்கள்.

விரித்த பிறகு நிறம் அங்கங்கே சிதறினால் டாலர் குறி காரணம். டி2 என்று டாலரில்லாமல் எழுதினால், ஏ நெடுவரிசை டி-யைப் பார்க்கும், பி நெடுவரிசை இ-யைப் பார்க்கும், சி எஃப்-ஐப் பார்க்கும். $டி2 என்றால் வரிசையில் எந்த செல்லும் டி-யை மட்டுமே பார்க்கும்.

$டி$2 என்று இரண்டு டாலர் போட்டுவிட்டால் எல்லா வரிசையும் இரண்டாம் வரிசையின் மதிப்பெண்ணையே பார்க்கும். முழுப் பட்டியலும் ஒன்றாகச் சிவக்கும், அல்லது ஒன்றாக வெளுக்கும். பட்டியலில் உள்ள ஒரு செல்லைச் சொடுக்கிச் சுட்டினால் எக்செல் தானாகவே இரண்டு டாலரையும் போட்டுவிடும் என்பதால் இது அடிக்கடி நேர்கிறது. எஃப்4 விசையை அழுத்த அழுத்த டாலர்கள் மாறும். எழுத்துக்கு முன்னால் மட்டும் டாலர் நிற்கும்போது நிறுத்துங்கள்.

## அறிகுறி: காலி செல்லும் சிவப்பாகிறது

காலி செல் கணக்கில் பூஜ்யம். 35-ஐ விடக் குறைவு. தேதி விதியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: கெடுவே குறிக்காத செல்கள் எல்லாம் கெடு கடந்ததாக ஆரஞ்சு நிறத்தில் நிற்கும்.

=ஆண்ட்($டி2<>"",$டி2<35) என்று எழுதினால் தீர்ந்தது. ஃபார்முலா எழுத விருப்பமில்லையென்றால், காலி செல்லுக்கென்று நிறமில்லாத ஒரு விதியை உருவாக்கி, பட்டியலில் உச்சிக்கு ஏற்றி, 'ஸ்டாப் இஃப் ட்ரூ' கட்டத்தில் டிக் போடுங்கள்.

'அதிகம்' என்னும் விதியில் இதற்கு நேர்மாறு நடக்கும். எக்செல்லில் எந்த எழுத்தும் எந்த எண்ணை விடவும் பெரியது. தேர்வுக்கு வராத மாணவருக்கு ஏபி என்று போட்டிருந்தால், 90-க்கு மேல் பச்சை என்ற விதி அவருக்கும் பச்சை அடிக்கும். ஃபார்முலா மூலம் "" என்று வெறுமையாகக் காட்டும் செல்களுக்கும் அப்படியே. =ஆண்ட்(இஸ்நம்பர்($டி2),$டி2>90) என்பது பாதுகாப்பான வடிவம்.

## அறிகுறி: சில எண்கள் மட்டும் தப்பிக்கின்றன

இங்கே பொறுமையாக இருங்கள். ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எண் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியல்களில் இது சகஜம். செல்லில் 28 என்று தெரியும். உள்ளே அது எண் அல்ல, இரண்டு எழுத்துக் குறிகள். மேலே சொன்னபடி எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது, ஆகவே 35-க்குக் கீழ் என்ற விதியில் அது சிக்காது. செல்லின் இடது மேல் மூலையில் பச்சை முக்கோணம் இருக்கிறதா, எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் சீரமைத்த பட்டியலில் அது தெரியாது; அதனால் =இஸ்நம்பர்(டி2) என்று கேட்டுப் பார்ப்பதே உறுதி. லிப்ரே ஆபீஸில் கன்ட்ரோலுடன் எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் பிரிந்து தெரியும். அருமையான வசதி.

சரிசெய்ய, நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' பட்டையில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து, எதையும் மாற்றாமல் 'ஃபினிஷ்' கொடுங்கள். அப்படியும் மாறாத செல்களில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது. வலைப்பக்கத்திலிருந்து எடுத்த தரவில் வரும் இந்த இடைவெளியின் குறி எண் 160. ட்ரிம் செயற்கூறு இதை நீக்காது. அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பெட்டியில் ஒட்டி, மாற்றாக ஒன்றும் இல்லாமல் விட்டு, எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

தெரியும் எண் முழுமையாக்கப்பட்ட எண். சராசரி 34.6; தசமம் காட்டாத அமைப்பில் செல் 35 என்று காட்டுகிறது; விதி சிவப்பு அடிக்கிறது. பார்ப்பவருக்கு 35 வாங்கியும் தோல்வியா என்று கேள்வி வரும். இங்கே விதி சொல்வதுதான் உள்ள நிலை. முழுமையாக்கிய பின்பே தேர்ச்சி என்பது உங்கள் நிறுவனத்தின் விதிமுறையானால் =ரவுண்ட்($டி2,0)<35 என்று எழுதுங்கள். இல்லையென்றால் தசமத்தைக் காட்டுங்கள். எது சரி என்பதை முடிவு செய்ய வேண்டியவர் விதிமுறை வகுத்தவர். எக்செல் தெரிந்தவர் அல்ல.

சதவீதம். வருகைப் பதிவில் 75% என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.75. விதியில் 75 என்று எழுதினால் எல்லோரும் குறைவுதான். 0.75 அல்லது 75% என்று எழுதுங்கள்.

## அறிகுறி: தேதி விதி பாதிக்கு வேலை செய்கிறது, பாதிக்கு இல்லை

பாதி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குக் காரணம் பிடிபட்டுவிடும். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் மாதம், நாள், ஆண்டு என்று படிக்கும். 13/07/2024 என்று வந்தால் 13-ஆம் மாதம் இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். 05/07/2024 என்று வந்தால் ஜூலை 5-ஐ மே 7 ஆக்கிவிடும்; ஒரு எச்சரிக்கையும் வராது.

சோதிக்க, தேதி நெடுவரிசையின் ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்து, செல் வடிவத்தை 'ஜெனரல்' என்று மாற்றுங்கள். உண்மையான தேதி ஓர் எண்ணாக மாறும். 2024 ஜூலை 13 என்றால் 45486. எழுத்தாகப் பதிந்தவை அப்படியே நிற்கும். சில எண்ணாகி, சில நின்றால், எண்ணானவற்றிலும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் என்றே கொள்ளுங்கள்.

எழுத்தாக நிற்பவற்றை 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' மூன்றாம் படியில் 'டேட்' என்பதைத் தேர்ந்து 'டிஎம்ஒய்' கொடுத்து மாற்றலாம். ஆனால் இடம் மாறிப்போனவை ஏற்கெனவே தேதியாகிவிட்டவை. இந்த வழி அவற்றைத் திருத்தாது. கையால் ஒவ்வொன்றாகத் திருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏதாவது ஒன்று நிச்சயம் விடுபடும். மூலக் கோப்பிலிருந்து மறுபடி இறக்குங்கள். அதற்கு முன் விண்டோஸின் பிராந்திய அமைப்பை 'இங்கிலிஷ், இந்தியா' ஆக்குங்கள். கூகுள் ஷீட்ஸில் 'ஃபைல்', 'செட்டிங்ஸ்', 'லொகேல்' வழியே இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

தேதி எல்லாம் சரி, ஆனால் 'இன்று' என்ற விதி மட்டும் பிடிக்கவில்லையா? கூகுள் படிவங்களில் பதிவாகும் தேதியோடு நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். =இன்ட்($இ2)=டுடே() என்று எழுதினால் நேரம் கழிந்துவிடும்.

## அறிகுறி: தமிழ்ச் சொல்லை வைத்து எழுதிய விதி பிடிக்கவில்லை

எஃப் நெடுவரிசையில் தேர்ச்சி என்று கண்ணெதிரே இருக்கிறது. =$எஃப்2="தேர்ச்சி" என்ற விதி அசையவில்லை.

முதலில் நீளத்தைக் கேளுங்கள். =லென்(எஃப்2). நம் கண்ணுக்குத் தேர்ச்சி நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் விடை 8 வர வேண்டும். 9 வந்தால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. ட்ரிம் செயற்கூறு நீக்கிவிடும்.

ஒகரக் குறியைக் கவனியுங்கள். தொகை என்ற சொல்லின் தொ, ஒரே குறியாகவும் பதிவாகலாம்; ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் பதிவாகலாம். திரையில் வேறுபாடு தெரியாது. லென் ஒன்றுக்கு 4 என்றும் மற்றதற்கு 5 என்றும் சொல்லும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கக் கூடாது. விதியில் உள்ள சொல்லைத் தட்டுவதற்குப் பதில் செல்லிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

பழைய எழுத்துருவா என்று பாருங்கள். செல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது தமிழே அல்ல; யூனிகோடில் எழுதிய எந்த விதியும் அதைப் பிடிக்காது. இதில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாமினியில் ம-வுக்குச் சிறிய கே, மு-வுக்குப் பெரிய கே. எக்செல் ஒப்பிடும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். ஆகவே மல்லையும் முல்லையும் அதன் கணக்கில் ஒரே ஊர். இரட்டிப்பைக் காட்டும் விதி இரண்டுக்கும் நிறம் அடிக்கும். எழுத்துரு மாற்றிகள் மூலம் முழுப் பட்டியலையும் யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி. மாற்றிய பின் பெயர்களை ஒருவர் படிக்க, மற்றொருவர் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் பட்டியலில் நிலையைத் தட்டச்சு செய்ய விடவே வேண்டாம். 'டேட்டா வேலிடேஷன்' மூலம் தேர்ச்சி, தேர்ச்சியின்மை, வரவில்லை என்று பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுக்க வையுங்கள். இந்தப் பகுதியில் சொன்ன தொல்லைகள் பெரும்பாலும் அங்கே எழாது.

## அறிகுறி: வெவ்வேறு எண்களை இரட்டிப்பு என்று காட்டுகிறது

வங்கிக் கணக்கு எண் நெடுவரிசையில் இது வரும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 12 இலக்க ஆதார் எண்ணுக்குச் சிக்கலில்லை. 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்; அது மீளாது, மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எழுத்தாகப் பதிந்து வைத்திருந்தாலும், பொருந்தும் செல்களை எண்ணும் கவுண்ட்இஃப் செயற்கூறு அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முதல் 15 இலக்கத்தை மட்டும் ஒப்பிடுவதால், கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகள் ஒன்றெனத் தோன்றும்.

=சம்ப்ராடக்ட்(--($சி$2:$சி$500=$சி2))>1 என்ற விதி (கணக்கு எண் சி நெடுவரிசையில் இருந்தால்) எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும். எல்லையைத் தேவைக்கு மேல் நீட்ட வேண்டாம். இது கனமான கணக்கு.

## அறிகுறி: இரண்டு விதிகளில் ஒன்று மட்டும் தெரிகிறது

35-க்குக் கீழ் சிவப்பு, 50-க்குக் கீழ் மஞ்சள். எல்லாமே மஞ்சளாகிறது என்றால் மஞ்சள் விதி மேலே இருக்கிறது. 20 என்பது 50-க்கும் கீழ்தானே! எக்செல்லில் புதிய விதி தானாக உச்சியில் போய் உட்காரும். 'மேனேஜ் ரூல்ஸ்' பெட்டியில் அம்புக் குறியால் சிவப்பை மேலே ஏற்றுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் மேலே இருப்பதற்கே முன்னுரிமை. லிப்ரே ஆபீஸ் முதலில் பொருந்தும் நிபந்தனையோடு நின்றுவிடும்.

பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமித்து, எக்செல் 2003-இல் திறப்பவர்களுக்கு ஒரு செல்லுக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் வேலை செய்யாது. சிஎஸ்வி-யாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் விதிகள் மொத்தமும் போய்விடும்.

## அறிகுறி: நிறச் சாய்வு முழுவதும் மறைந்துவிட்டது, அல்லது எல்லாம் ஒரே நிறம்

சிவப்பிலிருந்து பச்சை வரை சாயும் கலர் ஸ்கேல், டேட்டா பார், ஐகான் செட் ஆகியவற்றில், எல்லைக்குள் ஒரே ஒரு செல் பிழை விடை (# குறியில் தொடங்குவது) காட்டினாலும் முழு எல்லைக்கும் நிறம் போய்விடும். அந்த ஃபார்முலாவை இஃப்எரர் கொண்டு சுற்றுங்கள்.

எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தால் எங்கோ ஒரு பெரிய எண் இருக்கிறது. 87 என்பதை 870 என்று தட்டியிருப்பார்கள். மேக்ஸ் செயற்கூறால் கண்டுபிடித்துத் திருத்துங்கள்.

## அறிகுறி: நிறம் போக மறுக்கிறது

பெயின்ட் வாளிக் குறியில் 'நோ ஃபில்' கொடுத்தால் விதி போட்ட நிறம் போகாது. 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', 'கிளியர் ரூல்ஸ்' வழியே போங்கள். அதன் பின்னும் இருந்தால் அது யாரோ கையால் பூசிய நிறம். இப்போது 'நோ ஃபில்' கொடுங்கள். இரண்டும் கலந்த பட்டியல் ஆபத்தானது: மாணவர் மறுதேர்வில் தேர்ச்சி பெற்ற பிறகும் கையால் பூசிய சிவப்பு அப்படியே நிற்கும்.

## அறிகுறி: கோப்பு ஆமை வேகத்தில் நகர்கிறது, விதிகள் பெருகிக்கிடக்கின்றன

'மேனேஜ் ரூல்ஸ்' திறந்தால் ஒரே விதி கீழே கீழே பல முறை தொங்கும். எல்லைப் பெட்டியில் =$டி$2:$டி$14,$டி$16:$டி$40,$டி$43 என்று துண்டு துண்டாக இருக்கும். வரிசைகளை வெட்டி ஒட்டும் ஒவ்வொரு முறையும் விதியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து பழைய எல்லையை உடைக்கிறது. உடைந்த இடங்களில் சில செல்கள் எந்த விதிக்கும் உட்படாமல் விடுபட்டிருக்கும். ஆகவே கோப்பு மெதுவாக இருப்பதோடு இது நிற்பதில்லை. நிறத்தையே நம்ப முடியாமல் போகிறது.

ஒட்டுப்போட்டுத் திருத்த வேண்டாம். விதிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, முழு ஷீட்டுக்கும் 'கிளியர் ரூல்ஸ்' கொடுத்து, முழு எல்லைக்கும் ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதுங்கள். இனி ஒட்டும்போது 'பேஸ்ட் ஸ்பெஷல்', 'வேல்யூஸ்' மட்டும். கூகுள் ஷீட்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி.

## அறிகுறி: பட்டன் மங்கிக் கிடக்கிறது, அச்சில் நிறம் இல்லை, நிறத்தை எண்ண முடியவில்லை

பட்டன் மங்கினால், செல்லுக்குள் தட்டச்சு பாதியில் நிற்கிறதா பாருங்கள், எஸ்கேப் அழுத்துங்கள். கீழே பல ஷீட்டுகள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் பிரியுங்கள். இரண்டுமில்லையென்றால் ஷீட் பூட்டப்பட்டிருக்கிறது.

அச்சில் வரவில்லையென்றால் 'பேஜ் செட்டப்', 'ஷீட்' பகுதியில் 'பிளாக் அண்ட் ஒயிட்' டிக்கை எடுங்கள். ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான்; அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களும் உங்கள் அலுவலகத்தில் இருக்கலாம். நிறத்தோடு தடித்த எழுத்தையும் விதியில் சேருங்கள்.

எத்தனை சிவப்பு என்று எண்ண, நிறத்தை எண்ணப் போகாமல் நிபந்தனையை எண்ணுங்கள்: =கவுண்ட்இஃப்(டி2:டி500,"<35"). மேக்ரோவில் (எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) செல்லின் சாதாரண நிறத்தைக் கேட்டால் விதி போட்ட நிறம் கிடைக்காது. எக்செல் 2010 முதல் அதற்கு டிஸ்ப்ளேஃபார்மேட் இருக்கிறது.

## எப்போது வல்லுநரை அழைப்பது

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் உங்கள் கையை எடுத்துவிடுங்கள்.

கோப்பைத் திறக்கும்போதே உள்ளடக்கத்தைப் படிக்க முடியவில்லை, பழுது பார்க்கட்டுமா என்று எக்செல் கேட்டால், அல்லது செல் வடிவங்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று செய்தி வந்தால், மூலக் கோப்பில் எதையும் சேமிக்காதீர்கள். பழைய காப்புப் பிரதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இருந்தால் செலவே இல்லை.

கடவுச்சொல் தெரியாத பூட்டு என்றால் கோப்பை உருவாக்கியவரிடமே கேளுங்கள். பூட்டை உடைக்கும் நிரல்களை இறக்காதீர்கள். மாணவர்களின், ஊழியர்களின் விவரம் உள்ள கோப்பு அது.

விதியை அழித்ததும் மறுபடி தானே முளைத்தால் உள்ளே மேக்ரோ ஓடுகிறது. மேக்ரோ எழுதத் தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

சம்பளம், வரி, தேர்வு முடிவு போன்ற கோப்புகளில் எச் நெடுவரிசையின் விடை ஏன் தப்பு என்று உங்களால் விளக்க முடியவில்லையென்றால், நிறம் எப்படியோ சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். கணக்கரோ கணினிப் பிரிவோ பார்த்த பிறகே அனுப்புங்கள்.

வல்லுநருக்குக் கொடுக்கும்போது பெயர், தொலைபேசி எண், கணக்கு எண் ஆகியவற்றை நீக்கிய பிரதியைக் கொடுங்கள். எச் நெடுவரிசையை அழிக்காமல் விடுங்கள். 'மேனேஜ் ரூல்ஸ்' பெட்டியின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்), தப்பாக நிறம் விழுந்த இரண்டு மூன்று வரிசைகளின் எண்களையும், அங்கே என்ன நிறம் வந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.